பறிக்கும் நாள்: தில்லி மாடித்தோட்டத்தில் வசந்தக் கீரை அறுவடை

தமிழ்ப் பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்; இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. தில்லியில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள், செடி வளர்க்க விரும்பினால், முதலில் மறக்க வேண்டிய கணக்கு இது. இங்கே சித்திரை பிறக்கும்போது வசந்தம் முடிந்து பல நாட்கள் ஆகியிருக்கும்; ‘லூ’ எனப்படும் அனற்காற்றுக்கு நகரம் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். தில்லியின் வசந்தம் என்பது தை மாத இறுதியில் மூடுபனி விலகும்போது தொடங்கி, பங்குனியின் முதற்பாதியோடு முடிந்துவிடும் ஆறேழு வாரங்களே. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டம் மலர்களைக் காணப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதும் ஏறத்தாழ இந்த வாரங்களில்தான். மலர்களுக்கு மட்டுமன்றி, பச்சையாக உண்ணத்தக்க மென்கீரைகளுக்கும் இதுவே உச்சப் பருவம்.

நாங்கள் தில்லியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்தளத்தில் வசிக்கிறோம். மொட்டைமாடியில் எங்கள் பங்காகக் கிடைத்த இடம் 12 அடிக்கு 8 அடி. அதில் 16 செடிப்பைகளும் சில பழைய தொட்டிகளும் உள்ளன. விதைப்பது பற்றியும் மண் கலப்பது பற்றியும் எங்கும் பாடம் கிடைக்கிறது. பறிப்பது பற்றியோ, “வளர்ந்ததும் பறிக்கலாம்” என்ற ஒரு வரியோடு பெரும்பாலோர் முடித்துவிடுகின்றனர். எங்கள் மாடியில் கீரை வீணானபோதெல்லாம் அதற்குப் பூச்சியோ உரக்குறைவோ காரணமாக இருந்தது சில முறைதான். பறிக்க வேண்டிய நாளை நாங்கள் தவறவிட்டதே பெரும்பாலும் காரணம். ஆகவே இக்கட்டுரை விதைப்பை விரைந்து கடந்து, பறிப்பில் நின்று பேசும்.

மாடியில் இருப்பவை

பச்சையாக உண்ணும் கீரைகளில் முதலிடம் லெட்டூசுக்கு. இது சூரியகாந்தியும் சாமந்தியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. உருண்டையாகக் கோசு கட்டும் வகை, தளர்ந்த இலைகளாக விரியும் வகை என இரண்டும் விதைக்கடைகளில் கிடைக்கின்றன. ‘கிரேட் லேக்ஸ்’ போன்ற கோசு கட்டும் வகைகளைச் சிறிய இடத்தில் வளர்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு கோசுக்காக இரண்டரை மாதங்களுக்கு மேல் காத்திருந்து, ஒரே வேளையில் அதை அறுத்து முடித்துவிட்டால் பை காலியாகிவிடும். தளர்ந்த இலை வகையோ விதைத்த ஐந்தாறு வாரங்களில் இலை தரத் தொடங்கி, வெயில் வரும்வரை தந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது அருகுலா. பெருநகர உணவகங்களில் விலையுயர்ந்த தட்டுகளில் வரும் இந்தக் காரமான இலை, இராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் வறண்ட நிலங்களில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் தாராமீரா என்ற செடியின் உடன்பிறப்பு. தாவரவியல் இரண்டையும் ஒரே இனமாகவே கொள்கிறது. மளிகைக் கடையில் தாராமீரா விதை எளிதில் கிடைக்கும். வெளிநாட்டு உறையில் வரும் விதையைவிட அதன் இலையில் காரம் சற்றுத் தூக்கலாக இருப்பது உண்மைதான். கடுகு எண்ணெய்க்குப் பழகிய தில்லி நாக்குக்கு அது குறையாகத் தோன்றவில்லை. எங்களுக்கும் நாளடைவில் பழகிவிட்டது.

பாலக் என்று இங்கே அழைக்கப்படும் கீரை, உண்மையில் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்தது. பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் ‘பூசா பாரதி’, ‘பூசா ஜோதி’ முதலிய இரகங்களை இதில் வெளியிட்டுள்ளது. ஐரோப்பியர் ‘ஸ்பினாச்’ என்பது வேறு செடி. இங்குள்ளோர் அதை ‘விலாயதி பாலக்’ என்பர். பச்சையாக உண்ண விலாயதி பாலக்கின் இளம் இலை மிக இனிது. ஆனால் பகற்பொழுது நீளத் தொடங்கியதும் பூவெடுத்துவிடும் அவசரக்காரச் செடி அது. இவற்றோடு வெந்தயக்கீரை, கொத்தமல்லி, கடுகுக்கீரை ஆகியன உண்டு. நாங்கள் விதைக்காமலே தானாக முளைக்கும் பத்துவா ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வடநாட்டுக் கோதுமை வயல்களில் களையாக மண்டும் இதனைத் தமிழில் சக்கரவர்த்திக்கீரை என்கிறோம். வயலில் களையாகப் பிடுங்கி எறியப்படும் செடிக்கு நம் மொழி அளித்துள்ள பட்டம் பெரிதுதான்.

குருத்து எங்கே இருக்கிறது?

ஒரு கீரையை எப்படிப் பறிப்பது என்பதை முடிவு செய்வது, அதன் குருத்து அமைந்திருக்கும் இடம். இதைக் கண்டுகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

லெட்டூசின் குருத்து நடுவில், மண்மட்டத்திற்குச் சற்று மேலே, சின்னஞ்சிறு இலைகளால் மூடப்பட்டு ஒளிந்திருக்கும். புதிய இலைகள் யாவும் அங்கிருந்தே தோன்றுகின்றன. தோன்றிய இலைகள் வெளிநோக்கித் தள்ளப்படுகின்றன. ஆகவே வெளிவட்டத்து இலைகளைப் பறித்து, நடுவிலுள்ள ஐந்தாறு இலைகளை விட்டுவிட வேண்டும். இலைக்காம்பைச் செடியோடு சேரும் இடத்தில் விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் ‘டக்’கென்று ஒடியும், மேல்நோக்கி இழுத்தால் வேரே அசைந்துவிடும். ஒரு முறையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்பது எங்கள் விதி. எட்டுச் செடிகள் இருப்பின், ஒவ்வொன்றிலும் மூன்று இலைகள் வீதம் எடுத்தால் நால்வருக்கு ஒரு வேளைக்குப் போதும்; நான்கைந்து நாட்களில் அதே செடிகள் மீண்டும் பறிக்க ஆயத்தமாகும்.

பாலக்கின் குருத்தும் அடியிலேயே உள்ளது. இலைகளைத் தனித்தனியே கிள்ளலாம். கொத்தாகப் பிடித்து மண்ணிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் கத்தரிக்கவும் செய்யலாம். அதற்குக் கீழே கத்தரித்தால் குருத்து போய்விடும். பிறகு அந்தப் பை வெறும் மண்தான். முறையாகக் கத்தரித்த பாலக் ஏறத்தாழ 15 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் அறுவடை தரும். அருகுலாவும் இவ்வகையே.

வெந்தயக்கீரையின் கதை வேறு. அதன் குருத்து தண்டின் உச்சியில் இருக்கிறது. சந்தையில் வேரோடு பிடுங்கிக் கட்டிய வெந்தயக்கீரையையே பார்த்துப் பழகியதால், வீட்டிலும் பலர் வேரோடு பிடுங்கிவிடுகின்றனர். அடியிலிருந்து மூன்று நான்கு கணுக்களை விட்டு மேற்பகுதியைக் கிள்ளினால், ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கக் கிளை பிறக்கும். முதற்பறிப்பைவிட இரண்டாம் பறிப்பில் இலை கூடுதலாகவே கிடைக்கும். கசூரி மேத்தி என்னும் வகை இன்னும் மெதுவாக வளர்ந்து, பலமுறை கிள்ள இடந்தருவது. கொத்தமல்லியில் வெளிப்புறத் தண்டுகளை அடியோடு எடுத்து நடுத்தண்டை விட வேண்டும்.

நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கலைக்கும் வேலையையும் முதல் அறுவடையாகவே கருதலாம். முள்ளங்கி, கடுகு, லெட்டூஸ் நாற்றுகளை மூன்றங்குல உயரத்தில் கலைக்கும்போது, வேரைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் மண்ணையொட்டி வெட்டினால், அருகிலுள்ள நாற்றின் வேர் குலையாது; வெட்டிய இளநாற்று மண்படாமல் சமையலறைக்கு வந்துசேரும்.

இது வங்கியின் இதழாதலால் ஓர் ஒப்புமையைச் சொல்லிவிடுகிறோம். குருத்து முதல், வெளியிலை வட்டி. வட்டியை மட்டும் எடுத்தால் முதல் நிலைத்திருக்கும். ஆனால் இந்த ஒப்புமையை நீட்டிச் செல்ல இயலாது. இந்த வைப்பில் எடுக்காத வட்டி முதலோடு சேர்வதில்லை. பழுத்து மஞ்சளாகி, அசுவினிப் பூச்சிக்கு விருந்தாகிறது. முதிர்வுத் தேதியோ வெயிலின் கையில் உள்ளது, புதுப்பிக்கவும் முடியாது.

காலையும் கத்தரிக்கோலும்

லெட்டூசில் 95 விழுக்காடு நீர்தான். இரவு முழுவதும் வேர் உறிஞ்சிய நீர் நிரம்பி, விடியலில் இலை விறைத்து நிற்கும். வெயில் ஏற ஏற, இலையிலிருந்து நீர் ஆவியாகி அது துவளும். துவண்ட பின் பறித்த இலையைக் குளிர்நீரில் இட்டால் ஓரளவு மீளும். ஆயினும் காலையில் பறித்ததன் மொறுமொறுப்பு அதற்கு வராது. ஆகவே கதிரவன் எழுந்த அரைமணி நேரத்துக்குள் பறிப்பது நன்று. பனித்துளி மிகுந்த நாட்களில் மட்டும், இலை சற்று உலரும்வரை காத்திருக்கிறோம். ஈரத்தோடு பெட்டியில் அடைத்த இலை விரைவில் அழுகும்.

கத்தரிக்கோல் கூர்மையாக இருக்க வேண்டும். அதைத் தோட்டத்திற்கென்றே தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் கழுவித் துடைக்க வேண்டும். நசுங்கிய வெட்டுவாய் சில மணி நேரத்தில் பழுப்பேறும். பறித்த இலையை வெயிலில் வைக்காமல், ஈரத்துணி விரித்த கூடையில் இட்டு உடனே கீழே கொண்டுவந்துவிட வேண்டும். மாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தால் பாதி இலை அங்கேயே துவண்டுவிடும். அண்டை வீட்டாரோடு உரையாடல் நீளும் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு இது பலமுறை நேர்ந்திருக்கிறது. பறித்த அன்று மாலை செடிகளுக்கு நீர் விட்டு, பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டால் மறுதுளிர் விரைந்து வரும்.

2022 மார்ச்

எங்கள் தோட்டத்தில் நாங்கள் கண்ட பெரும் இழப்பு 2022ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு லெட்டூஸ் எப்போதும் இல்லாத செழிப்போடு இருந்தது. மார்ச் 18 அன்று ஹோலி. உறவினர் பதினைந்து பேர் வருவதாக இருந்தனர். அவர்கள் முன்னிலையில் மாடியிலிருந்தே பறித்துப் பரிமாற வேண்டும் என்ற ஆசையில், மார்ச் முதல் வாரத்திலிருந்து ஓரிலையும் எடுக்காமல் விட்டுவைத்தோம். செடிகள் கண்ணுக்கு அழகாக உயர்ந்தன. அந்த உயரம்தான் எச்சரிக்கை என்பதை நாங்கள் அறியவில்லை.

தில்லியில் பிப்ரவரி மாதத்தின் இயல்பான பகல் வெப்பம் சுமார் 24 டிகிரி. மார்ச்சில் அது 30 ஆகிறது. ஏப்ரலில் 36ஐக் கடக்கிறது. லெட்டூஸ் விரும்புவதோ 15 முதல் 20 டிகிரி வரை. இயல்பான ஆண்டிலேயே மார்ச் நடுப்பகுதி அதற்கு எல்லைக்கோடு. 2022 மார்ச்சோ, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 1901 முதலான பதிவுகளில், நாடு முழுவதற்குமான சராசரிப் பகல் வெப்பத்தில் மற்ற எல்லா மார்ச் மாதங்களையும் விஞ்சியது. வட இந்தியாவில் கோதுமை மணிகள் முற்றுமுன்பே சுருங்கின. கோதுமைக்கே அந்த நிலை எனில், 16 செடிப்பைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹோலி அன்று காலை பறித்த இலைகளை ஒருவராலும் உண்ண இயலவில்லை. வேப்பங்கொழுந்தைப் போலக் கசந்தன. எலுமிச்சைச் சாறும் தேனும் சேர்த்தும் பயனில்லை. வந்தவர்கள் பெருந்தன்மையோடு இரண்டு இலைகளை மென்றுவிட்டு, தஹி பல்லாவின் பக்கம் திரும்பிவிட்டனர். இரண்டு கூடை இலை உரக்குழிக்குப் போயிற்று.

நடந்தது இதுதான். வெப்பம் மிகுந்து பகற்பொழுதும் நீளும்போது, லெட்டூஸ் இலை வளர்ப்பதை நிறுத்திவிட்டுப் பூத்தண்டு விடத் தொடங்குகிறது. லெட்டூசின் தாவரப்பெயரான ‘லாக்டூகா’ என்பது பாலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெட்டிய இடத்தில் வெண்பால் கசியும். கசப்பைத் தரும் பொருட்கள் அந்தப் பாலில்தான் உள்ளன. பூக்கும் தறுவாயில் அவை இலையில் மிகுந்துவிடுகின்றன. மென்மையான இலையாக இருந்து விலங்குகளுக்கு உணவாவதைவிட, விதையாகும்வரை பிழைத்திருப்பதே செடிக்கு முக்கியம்.

அதன்பின் நாங்கள் கவனிக்கத் தொடங்கிய அறிகுறிகள் சில. நடுக்குருத்து தட்டையாக இல்லாமல் கூம்பாக எழும். புதிய இலைகள் அகலம் குறைந்து முனை கூர்மையாகும். இலைகளுக்கிடையே தண்டு தெரியும். கிள்ளிய காம்பில் பால் முன்பைவிடக் கூடுதலாகத் துளிர்க்கும். இவற்றுள் எதற்காகவும் காத்திராமல், பிப்ரவரி 20க்குப் பிறகு நாள்தோறும் காலையில் ஒரு செடியின் ஓரிலையை வாயிலிட்டுச் சுவைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. கசப்பு இலேசாகத் தட்டுப்பட்ட அன்றே அந்தப் பையிலுள்ள செடிகள் அனைத்தையும் அடியோடு அறுத்துவிடுகிறோம். மறுநாளைக்கு என்று தள்ளிவைப்பதில்லை. இலேசாகக் கசக்கும் இலைகளைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் உண்ணலாம். முழுதும் கசந்துவிட்டால் உரக்குழிதான்.

நிழல்வலை உதவுமா என்று பலர் கேட்கின்றனர். உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலையை மார்ச் முதல் நாளிலேயே கட்டி, பைகளைப் பிற்பகல் வெயில் படாத கிழக்குச் சுவரோரம் நகர்த்தி, காலையிலும் மாலையிலும் நீர் விட்டால், எங்கள் மாடியில் பத்து நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. பகலின் நீளத்தை வலை மாற்றுவதில்லை. ஆகவே விலாயதி பாலக்குக்கு அதனால் பெரும்பயன் இல்லை.

பச்சையாக உண்பதற்கு முன்

சமைக்கும் கீரையில் கொதிநீர் செய்யும் வேலையை, பச்சையாக உண்ணும் கீரையில் நாமே செய்ய வேண்டும். எங்களை வீட்டுத் தோட்டத்தின் பக்கம் திருப்பியதே இந்தக் கவலைதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் யமுனையின் வெள்ளச் சமவெளியில் உணவுப்பயிர் விளைவிப்பதற்குத் தடை விதித்தபோது, சந்தைக் கீரை எந்த நீரில் விளைந்தது என்ற கேள்வி தில்லியின் பல சமையலறைகளில் எழுந்தது. வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு நாமே பொறுப்பு. எனவே பதில் சொல்லத்தக்கவாறு நடந்துகொள்ள வேண்டும்.

முதலாவது எரு. மட்காத பசுஞ்சாணத்தையோ, எதுவென்று தெரியாத எருவையோ சாலட் கீரைக்கு இடக்கூடாது. அமெரிக்காவின் அங்கக வேளாண் விதிகள், மண்ணைத் தொட்டு வளரும் விளைபொருளுக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு முன் 120 நாட்கள் கழிய வேண்டும் என்கின்றன. லெட்டூசின் வாழ்நாளே அவ்வளவு இல்லை. ஆகவே நன்கு மட்கிய உரம் அல்லது மண்புழு உரம் மட்டும்.

இரண்டாவது, தில்லி மாடிகளின் நிரந்தரக் குடிகளான புறாக்கள். அவற்றின் எச்சத்தில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். பைகளுக்கு மேலே வலை கட்டாமல் பச்சையாக உண்ணும் கீரை வளர்ப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எச்சம் பட்ட இலையைக் கழுவி உண்ணலாமா என்று யோசிக்கவும் வேண்டாம். குரங்குகளுக்கு வலை தடையன்று. அவை வரும் பகுதிகளில் பால்கனிக் கம்பிக்கு உட்புறம் வளர்ப்பதே வழி.

மூன்றாவது பூச்சி. பிப்ரவரியில் மேகம் மூடிய நாட்களில் கடுகுக்கீரையிலும் அருகுலாவிலும் அசுவினி பெருகும். உண்ணப்போகும் இலையில் எந்தப் பூச்சிக்கொல்லியும் தெளிப்பதில்லை. இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுகிறோம்; மிகுதியாக மண்டிய இலைகளை அகற்றிவிடுகிறோம். அடிக்கடி பறிக்கும் பையில் அசுவினி குறைவாக இருப்பதைத் தொடர்ந்து கண்டுவருகிறோம்.

கழுவும் முறையில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. இலைகளை நீரில் ஊறவைத்து, பிறகு நீரோடு சேர்த்து வடிகட்டியில் கவிழ்க்கின்றனர். அடியில் படிந்த மண் மீண்டும் இலையின்மேலேயே விழுகிறது. அகன்ற பாத்திரத்தில் குடிநீர் நிரப்பி, இலைகளை அமிழ்த்தி, கையால் மெல்ல அலசி, இலைகளை மட்டும் மேலே அள்ளி எடுக்க வேண்டும். நீரை மாற்றி, அடியில் மண் தெரியாத வரை இதனைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசியாக ஓடும் நீரில் இருபுறமும் காட்டி எடுக்கலாம். தில்லிக் காற்றின் தூசியை நினைத்தால் மூன்று முறை அலசுவது மிகையன்று. பிறகு பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போக்கி, உலர்ந்த துணி விரித்த பெட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாட்கள் நன்றாக இருக்கும்.

அம்மாவின் மாத்திரை

இனிச் சொல்லப்போவது தோட்டக் கலையைச் சேர்ந்ததன்று. எனினும் கீரை வளர்க்கும் வீடுகள் அறிந்திருக்க வேண்டியது. நாங்கள் சற்றுத் தாமதமாக அறிந்துகொண்டது.

எங்களோடு வசிக்கும் அம்மாவுக்கு 78 வயது. இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கிறார். அதன் அளவு சரியாக உள்ளதா என்பதை ஐ.என்.ஆர். எனும் இரத்தப் பரிசோதனையால் மாதந்தோறும் பார்ப்பது வழக்கம். ஓராண்டு பிப்ரவரியில் கீரை கொட்டிக் குவிந்தது. காலையில் வெந்தயக்கீரை, மதியம் லெட்டூஸ், இரவில் பாலக் என்று வீடே பசுமையாக இருந்தது. அம்மாவுக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. அம்மாதப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. இரத்தம் உறையும் ஆபத்து கூடியிருக்கிறது என்பதே அதன் பொருள். மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “அண்மையில் உணவில் ஏதேனும் மாற்றம் உண்டா?” என்பதுதான்.

பச்சை இலைகளில் வைட்டமின் கே மிகுதி. இரத்தம் உறைவதற்கு உடல் பயன்படுத்தும் பொருள் அது. வார்ஃபரின் வகை மருந்துகள் அந்த வைட்டமினுக்கு எதிராகச் செயல்பட்டே உறைதலைத் தடுக்கின்றன. கீரை திடீரென மிகுந்தால் மருந்தின் விளைவு குறையும். திடீரெனக் குறைந்தால் மருந்தின் விளைவு மிகுந்து இரத்தக் கசிவுக்கு இடமாகும். மருத்துவர் அம்மாவைக் கீரையை விட்டுவிடச் சொல்லவில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்ணும்படியும், அளவை மாற்றுவதானால் முன்கூட்டியே தம்மிடம் தெரிவிக்கும்படியும் கூறினார். புதுவகை மாத்திரைகள் சிலவற்றுக்குக் கீரையோடு இத்தகைய தொடர்பு இல்லை. வீட்டிலுள்ளவர் உட்கொள்வது எவ்வகை என்பதை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

அந்த ஆண்டு முதல் எங்கள் அறுவடைமுறை மாறியது. தோட்டம் தரும் அன்றெல்லாம் உண்பது என்பதை விட்டு, அம்மாவுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு கிண்ணம் என்று அளவு வைத்தோம். மீந்ததை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். ஒரே நாளில் எல்லாப் பைகளிலும் விதைப்பதை நிறுத்தி, அக்டோபர் முதல் 12 நாட்களுக்கு ஒருமுறை இரண்டு பைகள் வீதம் விதைக்கலானோம். வெள்ளமாக வந்த கீரை வாய்க்காலாக வரத் தொடங்கியது. தோட்டத்திற்கும் அது நல்லதாகவே முடிந்தது.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக், பத்துவா ஆகியவற்றைப் பச்சையாக உண்பதில் எச்சரிக்கை வேண்டும். இரண்டிலும் ஆக்சலேட் மிகுதி. வேகவைத்து நீரை வடித்துவிட்டால் ஒரு பகுதி நீங்கும். தயிரோடு உண்டால், தயிரிலுள்ள கால்சியம் அதைக் குடலிலேயே பிணைத்துக்கொள்ளும். வேகவைத்துப் பிழிந்த பத்துவாவைத் தயிரில் கலந்து உண்ணும் வடநாட்டு வழக்கம் அறிவியலுக்கும் ஒத்துப்போகிறது. லெட்டூசில் ஆக்சலேட் மிகக் குறைவு.

தட்டிலும் பையிலும்

எங்கள் வீட்டில் லெட்டூசை எண்ணெயும் வினிகரும் கொண்டு உண்பது குறைவு. ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய தேங்காய், எலுமிச்சைச் சாறு, கடுகு தாளிப்பு என்று கர்நாடகத்துக் கோசம்பரி முறையில் கலந்து, பரிமாறும் கணத்தில் உப்பு சேர்க்கிறோம். முன்னரே சேர்த்தால் இலை நீர்விட்டுத் துவளும். தாராமீராவின் காரத்துக்கு அந்தப் பருவத்துக் கின்னோ ஆரஞ்சுச் சுளை நல்ல துணை.

பிற நகரங்களில் உள்ள வாசகர்கள் நாள் கணக்கைத் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பெங்களூரில் இந்தப் பருவம் இன்னும் நீளும். உதகையில் ஆண்டின் பெரும்பகுதியும் லெட்டூஸ் விளையும். சென்னையில் மார்கழியும் தையும் மட்டுமே அதற்கு ஏற்றவை. எங்கிருந்தாலும், பகல் வெப்பம் தொடர்ந்து 28 டிகிரியைக் கடந்தால் நாள்தோறும் சுவைத்துப் பார்க்கத் தொடங்கிவிடலாம்.

மார்ச் இறுதியில் பைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. அவற்றில் தண்டுக்கீரையும் கொடிப்பசலையும் விதைக்கிறோம். வெயிலுக்கு அஞ்சாத அவை ஜூலை வரை தாங்கும். மிகத் தாமதமாகப் பூவெடுத்த லெட்டூஸ் செடி ஒன்றை மட்டும் வெட்டாமல் விட்டுவைப்போம். லெட்டூஸ் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. ஆகவே அதன் விதை தாய்ச்செடியின் குணத்தையே பெரிதும் கொண்டிருக்கும். அந்தச் செடி ஆளுயரத்தில் பாதியளவு வளர்ந்து, சிறு மஞ்சள் பூக்கள் பூத்து, ஏப்ரல் இறுதியிலிருந்து பஞ்சுமுனை கொண்ட விதைகளைத் தரும். அவற்றை உதிர்த்து உலர்த்தி, காகித உறையில் இட்டு, ஆண்டையும் பையின் எண்ணையும் எழுதுகிறோம். சூடேறிய மண்ணில் லெட்டூஸ் விதை முளைக்காது. அதனால் அக்டோபர் வரை அந்த உறை குளிர்பதனப் பெட்டியில், தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால், அம்மாவின் கண்ணில் படும் இடத்தில் இருக்கும்.